சிறையா, சிகிச்சையா? போதை வழக்கில் ஒரு மாற்று வழி

பெங்களூர்த் தமிழர்களுக்குப் பரப்பன அக்கிரகாரத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2014-இல் ஜெயலலிதா அங்கு சில வாரங்கள் இருந்தபோதும், பிறகு 2017 பிப்ரவரி முதல் 2021 ஜனவரி வரை சசிகலா இருந்தபோதும் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் அந்தப் பெயரைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. ஆனால் அந்த மத்திய சிறையின் வாசலில் மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் பலருக்கு அரசியலோடு ஒரு சம்பந்தமும் கிடையாது. கல்லூரிக்கு அனுப்பிய பையன், வேலைக்குப் போய்வந்த மகன், சட்டைப் பையில் ஒரு பொட்டலத்தோடு பிடிபட்டிருப்பான். "எங்க குடும்பத்துல இப்படி ஒண்ணு நடக்கும்னு கனவுலகூட நினைக்கல" என்பதைத் தவிர அவர்களிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

ஓசூர் சாலையில் போகிறவர்கள் கவனித்திருக்கலாம். நகருக்குள்ளேயே, சாலையை ஒட்டி நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. 1991 முதல் அங்கே போதை மீட்புக்கென்றே தனிப் பிரிவு இயங்கி வருகிறது. அதே சாலையில் இன்னும் தெற்கே போய்த் திரும்பினால் பரப்பன அக்கிரகாரம். போதைக்கு அடிமையான ஒருவரைக் காவல்துறை வண்டி இந்த இரண்டில் எந்த வாசலில் இறக்கிவிட வேண்டும்? உலகின் பல நாடுகள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக யோசித்து வரும் கேள்வி இது. நம் நாட்டுச் சட்டமும் இதற்கு ஒரு விடை எழுதி வைத்திருக்கிறது. அந்த விடை பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியாது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நம்மூர்ச் சிறையைப் பற்றி ஒரு தகவல். சுரேஷ் படா மத், பிரதிமா மூர்த்தி முதலிய நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பெங்களூர் மத்திய சிறையில் விரிவான ஆய்வு ஒன்று நடத்தி 2011-இல் வெளியிட்டார்கள். 5,024 கைதிகளைப் பரிசோதித்ததில் 4,002 பேருக்கு, அதாவது 79.6 சதவீதத்தினருக்கு, மனநோயோ போதைப் பழக்கமோ இருப்பதாகக் கண்டறிய முடிந்தது. போதைப் பழக்கத்தைக் கணக்கிலிருந்து நீக்கிப் பார்த்தாலும் 1,389 பேருக்கு மனநலக் கோளாறு இருந்தது. உடனே அத்தனை பேரும் கஞ்சா, ஹெராயின் பேர்வழிகள் என்று எண்ணிவிட வேண்டாம். மதுவும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். ஆனாலும் ஐந்தில் நான்கு பேருக்கு மருத்துவர் தேவைப்படும் ஓர் இடத்தைச் சிறை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட முடியுமா?

மயாமியில் தொடங்கிய கதை

1980-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள மயாமி நகரம் கொக்கெய்ன் வழக்குகளால் திணறியது. பிடிப்பதும் அடைப்பதும் விடுவதும் மீண்டும் பிடிப்பதுமாகவே இருந்தது. நீதிமன்றத்துக்கும் இடமில்லை, சிறைக்கும் இடமில்லை. 1989-இல் அந்த வட்டார நீதிபதிகள் ஒரு சோதனை செய்தார்கள். போதைப் பழக்கத்தால் சிறு குற்றங்களில் மாட்டிக்கொண்டவர்களுக்கென்று தனி நீதிமன்றம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதன் முதல் நீதிபதி ஸ்டான்லி கோல்ட்ஸ்டீன். அப்போது அங்கே அரசுத் தரப்பின் தலைமை வழக்கறிஞராக இருந்து இந்த முயற்சிக்குத் துணை நின்ற ஜேனட் ரீனோ, பின்னர் 1993-இல் அமெரிக்க மத்திய அரசின் அட்டர்னி ஜெனரல் ஆனார்.

இந்த நீதிமன்றம் நாம் சினிமாவில் பார்க்கும் நீதிமன்றம் மாதிரி இருக்காது. வன்முறைக் குற்றம் செய்தவர்களுக்கு இங்கே பொதுவாக இடமில்லை. தகுதியுள்ளவர் சம்மதித்தால் அவர் வழக்கு அப்படியே நிறுத்தி வைக்கப்படும். அல்லது குற்றத்தை ஒப்புக்கொண்ட பின் தண்டனை மட்டும் நிறுத்தி வைக்கப்படும். அதற்குப் பதிலாக அவர் குறைந்தது ஓராண்டு சிகிச்சைத் திட்டத்தில் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் வாரா வாரம் நீதிபதி முன் நேரில் வர வேண்டும். எப்போது என்று முன்கூட்டிச் சொல்லாமல் சிறுநீர்ப் பரிசோதனை நடக்கும். ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னால் நீதிபதி, இரு தரப்பு வழக்கறிஞர்கள், சிகிச்சை ஆலோசகர், கண்காணிப்பு அதிகாரி எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இவர் எப்படி இருக்கிறார், வேலைக்குப் போகிறாரா, வீட்டில் என்ன பிரச்சினை என்று பேசிக்கொள்வார்கள். எதிரும் புதிருமாக நிற்க வேண்டிய இரு வழக்கறிஞர்களும் இங்கே ஒரே பக்கம்.

பிறகு நீதிபதி அந்த மனிதரிடமே நேரடியாகப் பேசுவார். ஒழுங்காக இருந்தால் நீதிமன்றமே கைதட்டும். அடுத்த மாதம் முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்பார். தவறினால் சமூகப் பணி, கூடுதல் பரிசோதனை, சில சமயம் இரண்டு மூன்று நாள் சிறை. முழுமையாக முடித்தவருக்குப் பட்டமளிப்பு விழா போல ஒரு நிகழ்ச்சி நடத்தி வழக்கைத் தள்ளுபடி செய்வார்கள். கறுப்பு அங்கி அணிந்த ஒருவர் தன் பெயரைச் சொல்லி அழைத்து, "போன வாரம் உங்கள் மகளின் பிறந்தநாள் எப்படி நடந்தது?" என்று கேட்கிறார் என்றால், வாழ்நாள் முழுக்க அதிகாரிகளிடம் அதட்டல் மட்டுமே கேட்டு வந்தவனுக்கு அது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்று அமெரிக்காவில் இப்படிப்பட்ட நீதிமன்றங்கள் மூவாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. கனடாவில் டொராண்டோ (1998), ஆஸ்திரேலியாவில் நியூ சௌத் வேல்ஸ் (1999) என்று வேறு நாடுகளுக்கும் பரவியது. பலன் உண்டா? 154 மதிப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2012-இல் ஒரு குழு சொன்னது இது: சாதாரண முறையில் நூற்றுக்கு ஐம்பது பேர் மீண்டும் குற்றத்தில் சிக்குவார்கள் என்றால், இந்த நீதிமன்றங்கள் வழியே போனவர்களில் அது முப்பத்தெட்டாகக் குறைகிறது. பெரிய அற்புதம் என்று சொல்ல முடியாது; ஆனால் பன்னிரண்டு பேர் என்பது பன்னிரண்டு குடும்பம். சிறார்களுக்கான இத்தகைய நீதிமன்றங்களில் பலன் இன்னும் குறைவாகவே தெரிந்தது.

குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. போதை அடிமைத்தனம் நோய் என்றால், மீண்டும் ஒருமுறை பழக்கத்தில் விழுவது அந்த நோயின் இயல்பு. அதற்குச் சிறை என்றால், சர்க்கரை ஏறியதற்காக நீரிழிவு நோயாளியை அடைப்பது போலத்தானே? சில நீதிமன்றங்கள் மெத்தடோன் போன்ற மாற்று மருந்துகளையே கூடாது என்றன. மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவை நீதிபதி எடுத்தார். போர்ச்சுகல் 2001-இல் வேறு வழியில் போனது. சுமார் பத்து நாள் உபயோகத்துக்கான அளவு வரை வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, பிடிபட்டவரை நீதிமன்றத்துக்குப் பதிலாக மூவர் கொண்ட ஆலோசனைக் குழு முன் அனுப்புகிறது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

பெங்களூரில் போதைப் பொருள் வழக்குகளுக்கென்று தனி நீதிமன்றம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். உண்டு. ஆனால் அது கடுமையான வழக்குகளை விரைந்து விசாரிப்பதற்காக ஏற்பட்ட சிறப்பு நீதிமன்றம்; மயாமியில் உள்ளது போன்ற சிகிச்சை நீதிமன்றம் அல்ல. சட்டப்படி மூன்றாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்கள்தாம் அங்கே போகும். ஒரு சிகரெட்டில் கஞ்சா வைத்துப் பிடிபட்டவன் வழக்கு மாஜிஸ்திரேட்டிடமே நடக்கும்.

எல்லாவற்றுக்கும் மூலம் 1985-ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம். பத்திரிகைகளில் என்.டி.பி.எஸ். சட்டம் என்று எழுதுகிறார்களே, அதுதான். இச்சட்டம் பொருளின் எடையை வைத்துத்தான் மனிதனை எடை போடுகிறது. சிறு அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் இடைப்பட்டது என்று மூன்று படிகள். கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஹெராயினில் 5 கிராம், 250 கிராம். கொக்கெய்னில் 2 கிராம், 100 கிராம். சிறு அளவு என்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வணிக அளவு என்றால் குறைந்தது பத்தாண்டு, அதிகபட்சம் இருபதாண்டு. ஜாமீன் கிடைப்பதே குதிரைக்கொம்பு. வெறுமனே உட்கொண்டதற்கு 27-ஆம் பிரிவு: ஹெராயின், கொக்கெய்ன் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை, மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரை, அல்லது அபராதம்.

இங்கே இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. பெங்களூர் விருந்துகளில் புழங்கும் எம்.டி.எம்.ஏ. மாத்திரைக்குச் சிறு அளவு வெறும் அரை கிராம். 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கலப்படப் பொருளையும் சேர்த்து மொத்த எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே மாத்திரைக்குள் மருந்து எவ்வளவு, மாவு எவ்வளவு என்ற பேச்சுக்கு இடமில்லை. 300 மில்லிகிராம் எடையுள்ள இரண்டு மாத்திரைகள் பையில் இருந்தால் சிறு அளவைத் தாண்டிவிட்டது. தண்டனை பத்தாண்டு வரை போகலாம். கீழே சொல்லப்போகும் சலுகைகளும் அந்தப் பொருளை வைத்திருந்த குற்றத்துக்குக் கிடைக்காது.

இனி மாற்று வழிக்கு வருவோம். அது இரண்டு பிரிவுகளில் இருக்கிறது. எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது 64-ஏ. 1989-இல் சேர்க்கப்பட்டு 2001-இல் திருத்தி எழுதப்பட்டது. போதைக்கு அடிமையான ஒருவர், உட்கொண்ட குற்றத்துக்காகவோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்காகவோ குற்றம் சாட்டப்பட்டிருந்தால், அவர் தாமாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், அவர் மீது வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம். வழக்கு வந்த பிறகு போனால் என்ன பயன் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் பிரிவே குற்றம் சாட்டப்பட்டவரை மனதில் வைத்து எழுதப்பட்டதுதான்.

இரண்டாவது 39-ஆம் பிரிவு. இது வழக்கு முடிந்து, குற்றவாளி என்று தீர்மானமான பிறகு வருவது. அவருடைய வயது, நடத்தை, உடல்நிலை, மனநிலை ஆகியவற்றைப் பார்த்து, அவர் சம்மதத்தோடு, தண்டனை விதிக்காமல் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஓராண்டுக்குள் சிகிச்சையின் பலன் பற்றிய அறிக்கையோடு வர வேண்டும். அறிக்கை திருப்தியாக இருந்தால், எச்சரித்து, மூன்றாண்டு வரை ஒழுங்காக இருப்பதாக மற்றொரு பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம். மயாமி நீதிமன்றத்தின் எலும்புக்கூடு இந்த ஒரு பிரிவுக்குள் இருக்கிறது. வாரா வாரம் பேசும் நீதிபதியும், மேசையைச் சுற்றி உட்காரும் ஆலோசகரும்தான் இல்லை.

ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். இந்த இரண்டு பிரிவுகளும் அடிமையானவருக்கு மட்டுமே. அடிமை என்றால் போதைப் பொருளைச் சார்ந்தே வாழும் நிலைக்கு வந்துவிட்டவர் என்பது சட்டத்தின் இலக்கணம். நண்பர்களோடு சேர்ந்து முதல் தடவையாக இழுத்துப் பார்த்த பத்தொன்பது வயதுப் பையன் அந்த இலக்கணத்தில் வரமாட்டான். ஆழமாக விழுந்தவனுக்குக் கயிறு உண்டு. விளிம்பில் கால் வழுக்கியவனுக்கு இல்லை. சட்டம் எழுதியவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும். மத்திய சமூகநீதி அமைச்சகமே 2021-இல், சொந்த உபயோகத்துக்காகச் சிறு அளவு வைத்திருப்பவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பும் வகையில் திருத்தம் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

ஏட்டுச் சுரைக்காயா?

இவ்வளவு நல்ல பிரிவுகள் இருக்கின்றனவே, பயன்படுகின்றனவா? பஞ்சாபில் 2013 முதல் 2015 வரை நடந்த வழக்குகளை விதி சட்டக் கொள்கை மையம் ஆராய்ந்து 2018-இல் அறிக்கை வெளியிட்டது. போதையால் சீரழிந்ததாக நாடே பேசிய மாநிலம் அது. அங்கே நீதிமன்றத்தின் வழியாகப் போதை மீட்புச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களாக ஒருவரைக்கூட அந்த ஆய்வாளர்களால் காண முடியவில்லை.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. 64-ஏ பிரிவின்கீழ் மனுப் போட வேண்டுமானால் "நான் அடிமை" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். குடும்பம் அதற்கு ஒப்பாது. பெண் கொடுப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்ற கவலை. எந்தெந்த மருத்துவமனை அங்கீகாரம் பெற்றது என்று வக்கீலுக்கும் தெரியாது. அதற்குள் யாராவது ஒருவர், "குற்றத்தை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடுங்க சார், ஒரே நாள்ல முடிஞ்சுடும்" என்று யோசனை சொல்வார். முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் அபராதமும் தண்டனைதான். குற்றவாளி என்ற தீர்ப்பு பதிவாகிவிடும். அரசு வேலைக்கான படிவத்திலும் வெளிநாட்டு விசா படிவத்திலும் அந்தக் கேள்வி வரும். மறுபடியும் அதே குற்றத்தில் சிக்கினால் 31-ஆம் பிரிவின்படி ஒன்றரை மடங்கு தண்டனைக்கும் வழி உண்டு. பழக்கமோ அப்படியே இருக்கிறது, ஏனென்றால் யாரும் அதைத் தொடவே இல்லை.

வழியை அறிந்து பயன்படுத்தியவர்களும் உண்டு. இந்தி நடிகர் ஃபர்தீன் கான் 2001-இல் மும்பையில் கொக்கெய்ன் வழக்கில் கைதானார். அவர் சிகிச்சை பெற்றதை ஏற்று, 64-ஏ பிரிவின்கீழ் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளித்தது. ஆனால் அந்த உத்தரவு வந்தது 2012-இல்! நல்ல வக்கீல்களை அமர்த்திக்கொள்ள முடிந்தவருக்கே பதினோரு ஆண்டு என்றால், ஸ்ரீராம்புரத்திலோ விவேக் நகரிலோ ஆட்டோ ஓட்டுபவரின் மகனுக்கு என்ன ஆகும்?

எப்படியாவது பிடித்துச் சிகிச்சைக்குள் தள்ளினால் போதும் என்று நினைப்பதும் தவறு. இலங்கையில் 2007-ஆம் ஆண்டின் சட்டப்படி நீதிமன்றம் ஒருவரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்ப முடியும். அப்படிப்பட்டவர்களை வைத்திருந்த கந்தக்காடு புனர்வாழ்வு மையத்தில் 2022 ஜூன் மாதம் ஒருவர் இறந்ததை அடுத்துக் கலவரம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்துத் தப்பி ஓடினார்கள். பெயரை மாற்றினால் சிறை மருத்துவமனை ஆகிவிடாது. இங்கேயும் சங்கிலியில் கட்டிப்போடும் தனியார் இல்லங்களைப் பற்றி அவ்வப்போது நாளிதழ்களில் படிக்கிறோம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்து, இத்தகைய நிலையங்கள் பதிவு பெற வேண்டும் என்கிறது.

என் கருத்தைக் கேட்டால், நமக்குப் புதிதாக ஒரு நீதிமன்றக் கட்டடம் தேவையில்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஓர் ஆலோசகருக்கு ஒரு நாற்காலியும், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளின் பட்டியலைச் சுவரில் ஒட்ட ஒரு தாளும் போதும், பாதி வேலை நடந்துவிடும். ஆனால் சிகிச்சை இடங்களும் பெருக வேண்டும். 2019-இல் வெளியான அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் தேசிய ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களிலேயே 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்றது.

உங்களுக்குத் தெரிந்த குடும்பத்துக்கு இப்படி ஒரு தொல்லை வந்தால் என்ன செய்யச் சொல்லலாம்? பஞ்சநாமாவில் எடை எவ்வளவு என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் அதில்தான் தொங்குகிறது. காகிதங்கள் கன்னடத்தில் இருக்கும். படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட வேண்டாம். படித்துச் சொல்ல ஒருவரை அழைத்துப் போகட்டும். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு, வருமானம் பார்க்கமாட்டார்கள். கர்நாடக மாநில சட்டப் பணிகள் ஆணையம் எச். சித்தையா சாலையில் நியாய தேகுலக் கட்டடத்தில் இருக்கிறது. வக்கீலிடம் "64-ஏ மனுப் போட முடியுமா? இல்லையென்றால் 39 கேட்கலாமா?" என்று பிரிவு எண்ணைச் சொல்லியே கேட்க வேண்டும். மருத்துவமனையில் பெற்ற புறநோயாளிச் சீட்டு முதல் டிஸ்சார்ஜ் குறிப்பு வரை ஒரு துண்டுத் தாளையும் தூக்கிப் போடக் கூடாது; நீதிமன்றத்தில் அதுதான் சாட்சி. பையனைச் சொந்த ஊரில் வைத்துப் பார்த்துக்கொள்ள விரும்புபவர்களுக்குச் சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. எங்கே சேர்த்தாலும், அந்த இடம் அரசு அங்கீகாரம் பெற்றதா என்று சேர்க்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் உடம்பு தேறும், வழக்குக்கு உதவாது.

பிடிபட்டவர் பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் இந்த நீதிமன்றங்களுக்கே போக வேண்டியதில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். போதைக்கு அடிமையான குழந்தையைச் சிகிச்சைக்கு அனுப்ப அச்சட்டத்திலேயே இடம் இருக்கிறது. எனவே பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ முதல் நாளே காவல் நிலையத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

வழக்கு எதுவும் வராத நிலையிலேயே உதவி தேடுபவர்களுக்கு இன்னும் எளிது. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸ் எண் 14416. 2022-இல் தொடங்கிய இந்தச் சேவைக்கு நிம்ஹான்ஸ்தான் தலைமை நிலையம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. டெலி-மானஸில் தமிழிலேயே பேசலாம்.